இரட்டை உடுக்களும் கிடைக்காத கோளும்

இரட்டை உடுக்களைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். பேர்சியஸ் மண்டலத்தில் அல்கொல் என்று ஓர் உடு இருக்கின்றது. ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை அது மங்கித் தெளிகின்றது. இதனை அரேபியர் அன்றே கண்டு ‘ரஃஸுல் கூல்’, அதாவது பூதத்தின் தலை என்று பெயரிட்டனர். ஐரோப்பியருக்கோ பல நூற்றாண்டு கழித்தே தெரியவந்தது என்பார்கள். மீலாத் மலர்களிலும் பாடசாலைச் சஞ்சிகைகளிலும் இதை வாசித்திருக்கிறேன். கேட்க இனிப்பாகத்தான் இருக்கின்றது. நூலைத் திறந்தால் கதை வேறு. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி கி.பி. 964 அளவில் எழுதிய ‘கிதாபு ஸுவரில் கவாகிப்’ என்ற பெருநூலில் அந்த உடு உண்டு, பெயரும் உண்டு. அது மங்கித் தெளிகின்றது என்ற குறிப்பு இல்லை. பெயரும் தொலமியின் கிரேக்க நூலில் வரும் கோர்கன் என்ற அரக்கியின் தலையை அரபியில் சொன்னதுதான்.

இதனால் அஸ்ஸூபிக்கு ஒரு குறைவும் இல்லை. அவர் செய்த வேலை வேறு. தொலமியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உடுவின் பிரகாசத்தையும் தன் கண்ணால் பார்த்து மறுபடி மதிப்பிட்டார். தொலமி சொன்னதற்கு மாறாகத் தெரிந்த இடத்தில் மாறாகவே எழுதிவைத்தார். எட்டு நூற்றாண்டு பழைமையான ஆசானின் எண்ணைத் திருத்துவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். பூதக் கதையைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இந்தப் பெரிய காரியத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். நான் எழுத வந்த விடயமும் உடுவின் ஒளியை அளப்பதைப் பற்றியதே.

அல்கொல் ஏன் மங்குகின்றது என்பதற்குச் சரியான விடையைச் சொன்னவர் 18 வயதுப் பையன் ஒருவர். பெயர் ஜோன் குட்ரிக், ஊர் இங்கிலாந்தின் யோர்க். சிறுவயதிலேயே காது கேளாமற் போனவர். 1782 நவம்பர் 12ஆம் திகதி இரவு அல்கொல் மங்கியிருக்கக் கண்டார். அன்று தொடங்கிப் பல மாதங்கள், வானம் தெளிந்த இரவெல்லாம் பார்த்துப் பார்த்து, 2 நாள் 20 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை அது நிகழ்கின்றது என்று கணித்தார். இன்றைய கணக்கு இதிலிருந்து நாலு நிமிடம் மட்டுமே வேறுபடுகின்றது. அல்கொலைச் சுற்றிவரும் ஏதோ ஒரு பெரிய பொருள் அதன் முகத்தை மறைக்கின்றது, அல்லது அதன் மேற்பரப்பில் கறைகள் உள்ளன என்று 1783 மே மாதத்தில் றோயல் சங்கத்துக்கு எழுதினார். அவ்வாண்டே கொப்லி பதக்கம் கிடைத்தது. 1786 ஏப்ரலில் 21 வயதில் இறந்துபோனார்.

சுற்றி வரும் பொருள் என்பதுதான் சரி. ஆனால் அது கோள் இல்லை, இன்னோர் உடு என்பதை 1889இல் பொட்ஸ்டாமில் வோகல் என்பவர் நிறமாலையைக் கொண்டு நிறுவினார். ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சுற்றும் இரட்டை உடு என்ற கருத்து இவ்வாறு உறுதியாயிற்று.

இதனைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பாடத்துக்கு வெளியே சொன்னபோது, கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “சேர், அப்ப அங்கத்த ஆக்களுக்கு ரெண்டு நிழல் விழுமா?” வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். ஆள்கள் இருப்பதை விடுங்கள். நிழல் விழுவதற்கு முதலில் நிலம் வேண்டும். இரண்டு சூரியனைச் சுற்றி ஒரு நிலம், அதுவும் நம் பூமியைப் போல் சிறியதொன்று, இருக்கின்றதா? இங்கிருந்தே அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

2012 ஜூன் 6 காலையில் சுக்கிரன் சூரியனைக் கடந்ததை நம் நாட்டிலும் பலர் பார்த்திருப்பீர்கள். வட்டத்தின் மேல் ஒரு கரும்பொட்டு ஊர்ந்து போயிற்று. அந்த நேரம் சூரிய ஒளியில் ஒரு துளி குறைந்தது. தூரத்து உடுவில் பொட்டைக் காண முடியாது. துளி குறைவதை அளக்கலாம். கோள் தேடும் ‘கடப்பு’ முறை இதுதான். சிக்கல் இரண்டு. பூமியளவான கோள் சூரியனைக் கடந்தால் குறையும் ஒளி பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இது முதலாவது. அக்கோளின் பாதை நம் கண்ணுக்கு நேர்கோட்டில் அமைந்திருக்க வேண்டும், சற்றுச் சாய்ந்தாலும் கடப்பே தெரியாது என்பது இரண்டாவது.

1990இல் ஜோன் ஷ்னைடர், மிஷெல் ஷெவ்ரெத்தோன் என்ற இரு பிரெஞ்சுக்காரர் இரண்டாவது சிக்கலுக்கு வழி சொன்னார்கள். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை உடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவை மறைக்கின்றன என்றாலே அவற்றின் பாதை நம் பார்வைக்கு நேராக உள்ளது என்று பொருள். அவை பிறந்த அதே தட்டிலேதான் கோள்களும் பிறந்திருக்கும். ஆகவே அவையும் கடக்கும். சீட்டுக் குலுக்கிப் போடும் நிலைமை இல்லாமற் போகின்றது. முதலாவது சிக்கலுக்கு விடை, உடுக்களே சிறியவையாக இருப்பது. முகம் சிறிதானால் அதே பொட்டு பெரிதாகத் தெரியும்.

இரண்டும் பொருந்திய ஓர் இரட்டை, நாக மண்டலத்தில் இருந்தது. இந்த மண்டலத்து ‘துபான்’ என்ற உடுவின் பெயர் அரபியில் பாம்பைக் குறிக்கும் ‘ஸுஃபான்’தான். நம் இரட்டைக்கு அப்படி அழகான பெயரில்லை. சீ.எம். டிரகோனிஸ் என்பார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ 48 ஒளியாண்டு தூரத்தில் இரண்டு செங்குறள் உடுக்கள். ஒவ்வொன்றும் சூரியனின் விட்டத்தில் காற்பங்களவு. 1 நாளும் 6 மணியும் சொச்சமுமான நேரத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. பாதை நம் பார்வைக்கு ஏறத்தாழ முற்றிலும் நேர். இங்கே பூமியைப்போல் இரண்டரை மடங்கு விட்டமுள்ள ஒரு கோள் கடந்தால் ஆயிரத்தில் நான்கு பங்கு ஒளி குறையும். பன்னிரண்டாயிரத்தில் ஒன்று எங்கே, ஆயிரத்தில் நான்கு எங்கே! ஒரு மீற்றர் விட்டமுள்ள சாதாரணத் தொலைக்காட்டிக்கும் எட்டக்கூடிய அளவு இது.

1994இல் வேலை தொடங்கியது. அமெரிக்காவின் செட்டி நிறுவகத்தைச் சேர்ந்த லோரன்ஸ் டொயிலும், பின்னர் கனேரித் தீவில் பணியாற்றிய ஹான்ஸ் டீகும் முன்னின்றார்கள். ஷ்னைடரும் சேர்ந்துகொண்டார். அந்த ஆண்டைக் கவனியுங்கள். சூரியனைப் போன்றதோர் உடுவைச் சுற்றும் கோள் ஒன்றுகூட அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. 51 பெகாசி உடுவின் கோளை மேயரும் கெலோவும் அறிவித்தது 1995இல். வெளிக்கோள் ஒன்றின் கடப்பை யாராவது கண்ணாரக் கண்டதோ 1999இல். யாரும் ஒருதரமும் பிடிக்காத மீனுக்கு, யாரும் ஒருதரமும் எறியாத வலையைப் பின்னத் தொடங்கினார்கள் இவர்கள்.

ஏன் ஒரு தொலைக்காட்டி போதாது? விடிந்துவிடும் என்பதால். கடப்பு ஓரிரு மணி நேரமே நீடிக்கும். அது நம் ஊர்ப் பகலில் நிகழ்ந்தால் போயிற்று. ஆகவே ஓரிடத்தில் விடியும்போது இன்னோரிடத்தில் இரவாக இருக்கும்படி உலகம் முழுக்க ஆட்களைச் சேர்த்தார்கள். கிறீத் தீவின் ஸ்கினகாஸ் மலை, ரஷ்யாவின் யூரல் பகுதியிலுள்ள கோரோவ்கா, தென் பிரான்ஸின் ஓத் புரொவான்ஸ், கனேரித் தீவின் தெனெரிபே, நியூ மெக்சிகோ, கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையம் எனப் பல இடங்கள். லிக்கில் பயன்பட்ட குரொஸ்லி தொலைக்காட்டி 1879இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. நூறு வயது தாண்டிய ஒரு கிழவனும் இந்தத் தேடலில் உழைத்தான் என்பதில் எனக்கொரு தனிச் சந்தோசம்.

வளிமண்டலம் சும்மா இருக்கவில்லை. உடு வானத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் ஒளி நம் காற்றில் வேறு வேறு தடிப்பைத் தாண்டி வருகின்றது. பக்கத்து உடுக்களோடு ஒப்பிட்டால் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் நம் இரட்டையோ நல்ல சிவப்பு. பக்கத்தில் உள்ளவை அப்படியில்லை. சிவப்பு ஒளியைக் காற்று குறைவாகவும் நீல ஒளியைக் கூடுதலாகவும் தடுப்பதால், ஒரு கோளும் கடக்காமலே ஒளி ஏறி இறங்குவதுபோல் கணக்கில் காட்டும். அதையும் கழிக்க வேண்டும். இவ்வகைச் செவ்வுடுக்கள் திடீர் திடீரென்று கனன்று வெடிக்கும். அந்த நேரத்து அளவுகளையும் தள்ள வேண்டும். எல்லாம் போக, ஓர் அளவீட்டின் துல்லியம் ஆயிரத்தில் 2 முதல் 7 பங்கு வரை நின்றது. தேடுவதோ ஆயிரத்தில் நான்கு. தேடும் பொருளும் இரைச்சலும் ஒரே உயரம்.

இன்னொரு வில்லங்கம், இரட்டைக்கே உரியது. தனி உடுவென்றால் கோள் ஒழுங்காக, மணிக்கூடு பார்த்ததுபோல் கடக்கும். இங்கே கோளும் நகர்கின்றது, இரண்டு உடுக்களும் நகர்கின்றன. ஒரு சுற்றில் இரண்டு சரிவுகள் வரும். அடுத்த சுற்றில் அவை வேறு நேரத்தில், வேறு நீளத்தில் வரும். கண்ணால் பார்த்து ஒழுங்கைப் பிடிக்க முடியாது. எதிரிக்குத் தொல்லையான இந்த ஒழுங்கின்மையையே இவர்கள் துணையாக்கிக்கொண்டார்கள். 7 நாள் முதல் 60 நாள் வரையான சுற்றுக்காலமுள்ள ஒவ்வொரு கற்பனைக் கோளும் எந்த நேரத்தில் எவ்வாறு ஒளியைக் குறைக்கும் என்று கணினியில் வரைந்தார்கள். ஏறத்தாழ 40 கோடி வரைபுகள். ஒவ்வொன்றையும் உண்மையான அளவீடுகளோடு வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள். அவ்வளவு சிக்கலான கோலத்தை இரைச்சல் தற்செயலாகப் போடுவது கடினம் அல்லவா?

1014 மணி நேர அவதானிப்பு. 26,043 அளவீட்டுப் புள்ளிகள். அதிகம் பொருந்திய ஒன்பது ‘கோள்’கள் மேலே வந்தன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் சமூகத்துக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். பிறை 29, மாலை, மேல்வானில் மேகம். ஒருவர் வந்து கண்டேன் என்கிறார். பெருநாளுக்கு உடுப்பு வாங்கி வைத்த வீடெல்லாம் அவர் வாயைப் பார்த்து நிற்கின்றது. அவர் பொய்யர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விடயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், முனைகள் எங்கே பார்த்திருந்தன, பக்கத்தில் நின்றவர் கண்டாரா? காண வேண்டும் என்ற ஆசையே கண்ணுக்குள் ஒரு கோடு கீறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஹதீஸ் கலையில் தனியொருவர் அறிவிப்பையும் பல வழிகளில் வந்த முதவாத்திரையும் ஒரே தராசில் வைப்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. இதையெல்லாம் மத்ரஸாவில் படித்துவிட்டு, கைப்பேசியில் வருகின்ற ‘விஞ்ஞானிகள் வியந்தனர்’ செய்தியை மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

டொயிலின் குழு ஒன்பதையும் அறிவித்துப் பெயர் வாங்கியிருக்கலாம். அன்று அப்படி அறிவித்திருந்தால் உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கமே அவர்களுடையது. அவர்கள் செய்தது வேறு. இந்த ஒன்பதில் ஒவ்வொன்றும் உண்மையென்றால் 1999ஆம் ஆண்டுப் பருவத்தில் இன்ன இரவு, இன்ன நேரத்தில் ஒளி குறைய வேண்டும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். பிறகு அந்தந்த இரவில் தொலைக்காட்டியைத் திருப்பிக் காத்திருந்தார்கள். ஏழைச் சோதிக்க முடிந்தது. ஆறு பொய்த்தன, குறித்த நேரத்தில் ஒளி அசையவே இல்லை. மிஞ்சிய ஒன்றுக்கு இன்னும் சான்று வேண்டும் என்று எழுதி முடித்தார்கள். அந்தக் கட்டுரை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பூமியைப்போல் மூன்று மடங்கைக் கணிசமாகத் தாண்டிய விட்டத்துடன், 60 நாளுக்குள் சுற்றும் கோள் அங்கே இருந்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு சாத்தியத்தோடு நாங்கள் கண்டிருப்போம் என்பது அதன் முடிவு. இரண்டரை மடங்கும் பத்து நாளும் என்றால் நூற்றுக்கு எண்பது. ‘இல்லை’ என்று சொல்வதற்கும் இவ்வளவு அளவாகச் சொல்லலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. இதைக் கேட்ட என் மச்சான் ஒருவர், “அவ்வளவு பாடுபட்டு ஒண்டும் கெடக்கல்லியா?” என்றார். ஓம், ஒண்டும் கிடைக்கவில்லை. சீ.எம். டிரகோனிஸில் இதுவரை ஒரு கோளும் உறுதியாகவில்லை.

இப்படிச் சோதிக்காமல் முந்திவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் இரட்டை உடுவே சாட்சி. மே, ஜூன் மாத இரவுகளில் தென்வானில் தாழ்வாக ஒளிரும் அல்பா சென்டோரியை நம் கரையோர மீனவர் எல்லோரும் கண்டிருப்பர். அரபியில் ‘ரிஜ்லு கன்தூரிஸ்’, குதிரைமனிதனின் கால். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு சூரியர்கள். தூரம் நாலேகால் ஒளியாண்டு சொச்சம், நமக்கு அடுத்த வீடு.

2012 ஒக்டோபரில் ஜெனீவா வானாய்வாளர் சேவியர் டுமுஸ்க்கும் தோழர்களும், இதில் ‘பி’ என்ற உடுவைப் பூமியளவு நிறையுள்ள ஒரு கோள் 3.24 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றது என்று அறிவித்தனர். இவர்கள் கடப்பைத் தேடவில்லை. கோள் இழுக்கும்போது உடு முன்னும் பின்னும் ஆடும் வேகத்தைச் சிலியின் லா சில்லாவில் உள்ள 3.6 மீற்றர் தொலைக்காட்டியின் ஹார்ப்ஸ் கருவியால் அளந்தனர். அந்த ஆட்டம் செக்கனுக்கு 51 சென்ரிமீற்றர். தவழும் குழந்தையின் வேகம். உடுவின் கொதிக்கும் மேற்பரப்பு தன்பாட்டில் ஆடுவது அதைவிடப் பெரிது. மேற்பரப்பின் கொதிப்பைக் கழித்து, கறைகளைக் கழித்து, கூட்டாளி உடுவின் இழுப்பைக் கழித்து, எஞ்சியதில் கோளைக் கண்டார்கள். 2008 முதல் 2011 வரை 450க்கு மேற்பட்ட அளவீடுகள். உலகமெல்லாம் செய்தி. நம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் ‘அயலில் இன்னொரு பூமி’.

2015இல் ஒக்ஸ்போர்ட்டில் ராஜ்பால், ஐக்றேன், ரொபர்ட்ஸ் மூவரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கோளே இல்லாத ஒரு கற்பனை உடுவைக் கணினியில் செய்து, டுமுஸ்க் குழு அளந்த அதே நாள்களில் அதை ‘அளந்து’, அதே கழித்தல்களைச் செய்தார்கள். 3.24 நாள் கோள் வந்து நின்றது! அளந்த இரவுகளுக்கு இடையே விழுந்த இடைவெளிகளே அந்தக் கோலத்தைப் போட்டிருந்தன. டுமுஸ்க் முரண்டு பிடிக்கவில்லை. நல்ல வேலை, அநேகமாகக் கோள் அங்கே இல்லை என்று ஏற்றுக்கொண்டார். முதற் செய்தியைப் போட்ட அளவுக்கு இரண்டாம் செய்தியை நம் பத்திரிகைகள் போட்டு நான் காணவில்லை.

தமிழிலே இதற்கொரு பொருத்தம் இருக்கின்றது. பழந்தமிழர் உடுவை நாள்மீன் என்றும் சுற்றித் திரிவதைக் கோள்மீன் என்றும் பிரித்தார்கள். கோள் என்ற அதே சொல்லுக்குப் புறங்கூறுதல் என்ற பொருளும் உண்டு.

நிலத்துத் தொலைக்காட்டிகளுக்கு இரட்டை உடுவில் சிறு கோளே கிட்டவில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2014 ஜூலையில் ஒன்று அறிவிக்கப்பட்டது. முறை மூன்றாவது, ஈர்ப்பு வில்லை: ஓர் உடு இன்னோர் உடுவின் முன்னால் போகும்போது, முன்னது பூதக்கண்ணாடிபோல் பின்னதின் ஒளியைப் பெருக்கும். முன்னதில் கோள் இருந்தால் அந்தப் பெருக்கத்தில் ஒரு நெளிவு விழும். சிலியில் போலந்துக்காரரின் ஓகிள் தொலைக்காட்டி, நியூசிலாந்தின் மோவா முதலியன 2013இல் அவ்வாறான நெளிவொன்றைப் பதிந்தன. கிடைத்தது பூமியைப்போல் இரு மடங்கு நிறையுள்ள கோள். 3000 ஒளியாண்டுக்கு அப்பால், இரட்டையில் ஒன்றை மட்டும் சுற்றுகின்றது. கடுங்குளிர். இம்முறையில் பலபேர் ஒரே நேரத்தில் கண்டாலும், நிகழ்ச்சி ஒருதரம்தான். உடுக்கள் விலகிப் போய்விடும். மீட்டுப் பார்க்க வழியில்லை.

இரண்டு உடுக்களையும் சேர்த்துச் சுற்றும் கோளை, அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், முதலில் காட்டியது விண்வெளியிலிருந்து பார்த்த கெப்ளர் தொலைக்காட்டி. 2011 செப்டெம்பரில் கெப்ளர்-16பி அறிவிக்கப்பட்டது. 41 நாளில் ஒன்றையொன்று சுற்றும் இரு உடுக்களை 229 நாளில் சுற்றும், சனியளவான கோள். காற்று இல்லை, விடிவு இல்லை, மேகம் இல்லை; ஒளிச்சரிவுகள் பளிச்சென்று தெரிந்தன. அறிவித்த கட்டுரையில் முதற் பெயர் லோரன்ஸ் டொயில். சீ.எம். டிரகோனிஸ் குழுவில் இருந்த ஜோன் ஜென்கின்ஸ்தான் கெப்ளரின் அளவீடுகளைச் சல்லடை போட்ட மென்பொருளுக்குத் தலைமை வகித்தவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒன்றும் பிடிபடாத வலையின் முடிச்சுகளைக் கட்டத் தெரிந்தவர்கள் இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஆனால் கெப்ளர்-16பி சிறு கோள் இல்லை. கெப்ளர் பின்னர் கண்ட கெப்ளர்-47 இரட்டையின் உட்கோள்கூடப் பூமியைப்போல் மூன்று மடங்கு விட்டமுள்ளது. பையன் கேட்ட இரண்டு நிழலுக்குரிய, கால் பதிக்கக்கூடிய நிலம் இன்னும் அகப்படவில்லை.

தேடல் மறுபடி நிலத்துக்கு வந்திருக்கின்றது. ஓத் புரொவான்ஸில் 1.93 மீற்றர் தொலைக்காட்டி ஒன்று உண்டு. 1995இல் 51 பெகாசியின் கோளைக் கண்டது அதுதான். அதே மலையில் இருந்த அதைவிடச் சிறியதொரு தொலைக்காட்டிதான் தொண்ணூறுகளில் சீ.எம். டிரகோனிஸுக்காக இரவிரவாக விழித்திருந்தது. அமோரி திரியோ தலைமையிலான குழு, பெரியதை இரட்டை உடுக்களின் பக்கம் திருப்பி, அவற்றின் ஆட்டத்தை வருடக்கணக்காக அளந்துவந்தது. இரண்டு உடுக்களின் ஒளியும் கலந்து குழப்பாதிருக்க, ஒன்று மற்றதைவிட மிக மங்கலாக உள்ள இரட்டைகளையே அவர்கள் தேர்ந்தார்கள். புதிதாகத் தேடுவதற்கு முன்னர், இருப்பது நிச்சயமான ஒன்றை இந்தக் கருவி காண்கின்றதா என்று பார்க்க விரும்பினார்கள். 2022 பெப்ரவரியில் முடிவு வெளிவந்தது. கெப்ளர்-16பியை அவர்கள் நிலத்திலிருந்து, வேறொரு முறையால், தனியாகக் கண்டிருந்தார்கள். நிறையும் முந்திய கணக்கோடு ஒத்துவந்தது.